சென்னை வீட்டுத் தோட்டம்: கொல்லையிலிருந்து மொட்டைமாடிக்கு

சென்னை நகர வீட்டுத் தோட்டம் கடந்த நூறு ஆண்டுகளில் கிணற்றடியை விட்டு மொட்டைமாடிக்கு ஏறியுள்ளது. இம்மாற்றம் அழகைப் பற்றியது மட்டுமன்று. வீட்டில் விழும் மழைநீர் எங்கே போகிறது என்பதையும் அதுவே தீர்மானித்தது.

கொல்லைத் தோட்டம்

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற பழைய பகுதிகளில் வீட்டின் பின்புறம் கிணறும் கொல்லையும் இருந்தன. துவைகல்லில் வழிந்த நீர் வாழைக்கும் சேம்புக்கும் பாய்ந்தது. முருங்கையும் கறிவேப்பிலையும் சமையலுக்கு, செம்பருத்தியும் நந்தியாவட்டையும் பூசைக்கு. மழைநீரும் இறைத்த நீரில் ஒரு பகுதியும் மண்வழியே மீண்டும் நிலத்தடிக்குச் சென்றன.

மண் மறைந்த காலம்

1920களில் மாம்பலம் ஏரி நிலம் மனைகளாக்கப்பட்டுத் தியாகராய நகர் உருவானது. தோட்டத்துடன் கூடிய தனி வீடுகள் அங்கு எழுந்தன. பின்னாளில் அவற்றில் பல இடிக்கப்பட்டு அடுக்குமாடிகளாயின. மாமரமும் தென்னையும் நின்ற இடம் வண்டி நிறுத்துமிடமாகிச் சிமெண்ட் பூசப்பட்டது. கிணறு தூர்ந்தது, ஆழ்துளைக் கிணறு வந்தது. நீரை எடுக்கும் வழி இருந்தது, திரும்பக் கொடுக்கும் வழி அடைபட்டது.

2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் 2015 டிசம்பரில் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. 2019 கோடையில் குடிநீர் ஏரிகள் வறண்டன. இவற்றுக்கு வீட்டு முற்றங்கள் மட்டுமே காரணமல்ல. எனினும் மூடிய தரை இரு துன்பங்களையும் கூட்டுகிறது.

மாடித் தோட்டம்

2013ஆம் ஆண்டையொட்டி அரசு சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டப் பொருள்களை மானிய விலையில் வழங்கத் தொடங்கியது. தென்னைநார்க் கழிவு நிரப்பிய பைகளில் கத்தரியும் கீரையும் விளைகின்றன. காய்கறிக்கு இது நல்ல வழி. நிலத்தடி நீருக்கு இது மாற்றாகாது.

இன்றைய மறுவடிவமைப்பு

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் நீர். சென்னையின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மி.மீ. எனவே 10 சதுர மீட்டர் திறந்த மண்ணில் ஆண்டுக்குச் சுமார் 14,000 லிட்டர் விழுகிறது. அதில் ஒரு பகுதி இறங்கினாலும் பயனே.

இதற்குப் பெரிய இடம் தேவையில்லை. வண்டிச் சக்கரம் செல்லும் இரு பட்டைகளுக்கு மட்டும் கல் பதித்து, நடுவில் புல் விடலாம். கூரைக் குழாயைப் பழைய கிணற்றுக்கோ, கருங்கல் ஜல்லியும் மணலும் இட்ட உறிஞ்சு குழிக்கோ திருப்பலாம்; குழி அடித்தளத்திலிருந்து தள்ளியிருக்க வேண்டும். துணி அலசிய நீரைக் கல்வாழைக்கும் வாழைக்கும் விடலாம். கொல்லை இருந்த வீடுகளில் அன்றாடம் நடந்ததும் இதுவே.