சேதுக்கடலைக் கடக்கும் நெறி: பாலமோ, சுரங்கமோ?

கடல் நிலத்தைப் பிரிக்கும். திருவருள் பிரிந்தவற்றைக் கூட்டுவிக்கும். தமிழகத்தின் கீழ்க்கரையில் இராமேச்சுரமும், அதற்கெதிரே ஈழநாட்டு மாதோட்டத்தில் திருக்கேதீச்சரமும் ஒரே கடலை நடுவே கொண்டு விளங்குதல் சைவ நன்மக்கள் யாவரும் அறிந்ததே. திருஞானசம்பந்த சுவாமிகளும் சுந்தரமூர்த்தி சுவாமிகளும் திருக்கேதீச்சரத்தைப் பாடியருளினர். சம்பந்தப் பெருமான் திருக்கோணமலையையும் பாடினார். அவர்கள் கடலைக் கடவாது இராமேச்சுரத்தில் இருந்தவாறே அத்தலங்களை நினைந்து பணிந்தனர் என்பது பெரியபுராணங் கூறும் வரலாறு. அருளாளரின் உள்ளம் கடந்த அக்கடலை அடியவரின் உடலும் கடத்தற்குரிய நெறி யாது? அதன்மீது பாலம் அமைத்தல் தக்கதோ, அடியிற் சுரங்கம் அகழ்தல் தக்கதோ? நூறாண்டுக்கு மேலாக எழுந்தும் அடங்கியும் வரும் இவ்வினாவின் வரலாறு ஆராய்தற்குரியது.

சேது என்னும் சொல்லே அணையெனப் பொருள்படும். இராமபிரான் அணை கட்டிக் கடலைக் கடந்து, இராவணவதத்தால் நேர்ந்த பழி நீங்கச் சிவலிங்கம் நிறுவி வழிபட்டமையே இராமேச்சுரத் தலவரலாறு. அதன் பிற்பகுதியைப் பலர் கருதுவதில்லை. மீளுங்கால் வீடணன், இவ்வணை நிலைபெறின் பிறர் இதன் வழியே வந்து இலங்கையைத் தாக்குவர் என்று விண்ணப்பிக்க, இராமபிரான் தன் வில்லின் நுனியால் அதனைத் தானே உடைத்தான் என்று தலமரபு கூறும். வில்லின் நுனி என்னும் பொருள்படத் தனுக்கோடி எனும் பெயர் நிலைத்தது அதனாலேயாம். கட்டியவனே அக்கரையாரின் அச்சம் நோக்கி உடைத்தான் என்னும் இச்செய்தி இக்காலத்தார்க்கும் ஒரு படிப்பினையாகும்.

பாம்பன் கடற்கால் முற்காலத்தில் நிலத்தோடு இணைந்திருந்தது என்றும், 1480-ஆம் ஆண்டுப் புயலொன்று அத்தொடர்பை அறுத்தது என்றும் கோயிற் குறிப்புக்களைக் கொண்டு கூறுவர். அதன் பின்னர் யாத்திரிகர் தோணியாற் கடந்தனர். சேதுவைக் காக்கும் உரிமையையே பட்டப்பெயராகக் கொண்ட இராமநாதபுரத்துச் சேதுபதிகள் அவர்களுக்கு வழிக்காவலும் சத்திரங்களும் அமைத்தனர்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வினா புதுவடிவு கொண்டது. இந்திய இருப்புப்பாதையை இலங்கை இருப்புப்பாதையோடு பாலத்தாற் சேர்த்தல் குறித்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஆராய்ந்தனர். பெருஞ்செலவு கருதி அது கைவிடப்பட்டது. ஒருபாதி பாலமும் ஒருபாதி கப்பலுமாக அமையும் நெறியே முடிவாயிற்று. பாம்பன் கடற்காலின்மேல் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட புகைவண்டிப் பாலம் 1914-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 24-ஆம் நாள் திறக்கப்பெற்றது. கப்பல்கள் ஊடே செல்லும்பொருட்டு அதன் நடுக்கண் இரட்டைக் கதவுபோல் மேலெழுந்து பிளக்குமாறு அமைந்தது. சென்னையிற் புறப்பட்ட வண்டி தனுக்கோடியை அடைய, அங்கிருந்து நீராவிக் கப்பல் தலைமன்னாருக்குச் செல்ல, அங்கே மற்றொரு வண்டி கொழும்புக்குக் காத்திருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற எளிய தொழிலாளர் மண்டபத்து முகாமில் நோய்த்தடைக்காக நிறுத்திவைக்கப்பட்டு, பின்னரே கப்பலேறினர். ஒரே வழி அடியவர்க்கு யாத்திரையாகவும், வறியவர்க்குப் பிழைப்பு நாடும் பயணமாகவும் இருந்தது.

1964-ஆம் ஆண்டு அவ்வழியின் போக்கை மாற்றிற்று. அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் இருநாட்டுப் பிரதமர்களாகிய சிறீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தஞ் செய்தனர். அதன்படி மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியா ஏற்க உடன்பட்டது. இரண்டு திங்கள் கழியாமுன், டிசம்பர் 22-ஆம் நாள் இரவு எழுந்த புயல் தனுக்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிவண்டி கடலிற் கொண்டுபோகப்பட, அதிலிருந்தோர் அனைவரும் மாண்டனர். பாலத்தின் கண்கள் பலவும் வீழ்ந்தன. ஈ. ஸ்ரீதரன் என்னும் பொறிஞர் மேற்பார்வையில் அது 46 நாட்களிற் செப்பனிடப்பட்டது. தனுக்கோடியோ மீண்டும் ஊராகவில்லை. கப்பல் இராமேச்சுரத்திலிருந்து ஓடிற்று. நாடு திரும்பும் தொழிலாளர் குடும்பங்கள் பல அதிலேயே வந்திறங்கின. உள்நாட்டுப் போர் மூண்ட 1980-களில் அதுவும் நின்றது.

இனி, பாலம் என்பார் கூற்றும் சுரங்கம் என்பார் கூற்றும் நிரலே ஆராய்தற்குரியன.

சுரங்கமே சிறந்தது; இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே அதனைக் கண்டோமன்றோ எனின், அவ்வரலாற்றை முழுதும் நோக்குதல் வேண்டும். 1802-ஆம் ஆண்டிலேயே ஆல்பெர் மத்தியூ என்னும் பிரெஞ்சுப் பொறிஞர் அச்சுரங்கத்துக்கு வரைவு செய்தார். 1880-களின் தொடக்கத்தில் இருகரையிலும் ஒவ்வொரு மைலளவு அகழ்ந்தபின், பகைவர்படை அதன்வழி நுழையும் என்னும் அச்சத்தால் ஆங்கில அரசு 1882-இல் வேலையை நிறுத்திற்று. வீடணன் அஞ்சிய அதே அச்சம் இஃதென்க. நூறாண்டு கழித்துப் பாலம், சுரங்கம், இரண்டும் கலந்தது எனப் பல வரைவுகள் போட்டியிட, 1986-இல் இருநாடும் சுரங்கத்தையே தேர்ந்தன. அது 1994-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் திறக்கப்பெற்றது. ஆண்டுக் கடல் ஆழமுடையது. பெருங்கப்பல்கள் இடையறாது செல்வது. அகழ்தற்கேற்ற சுண்ணக் களிப்பாறை அடியிற் படிந்தது. ஆதலின் அங்கே சுரங்கம் பொருந்திற்று.

சேதுக்கடலின் இயல்போ அதற்கு மாறுபட்டது. தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அளவிற் மணற்றிட்டுக்கள் தொடர்ந்து கிடக்கின்றன. பலவிடங்களில் நீர் ஒரு மீட்டர் ஆழமே உடையது. பெருங்கப்பல் அவ்வழிச் செல்வதில்லை. மணல் இடம் பெயரும் இயல்பினது. குழாய்களைப் பள்ளத்திற் புதைத்தமைக்கும் சுரங்கமாயின், கடலடியை நெடுக வெட்டுதல் வேண்டும். கலங்கிய மணல் பவளப்பாறைகளை மூடும். 21 தீவுகளைக் கொண்டு 1986-இல் அமைந்த மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்கா அண்மையில் உளது. ஆழ்ந்து துளைக்கும் சுரங்கமாயின் அக்கேடு குறையும், செலவோ மிகும்.

பாலத்துக்குப் புயலும் உப்புக்காற்றும் பகையன்றோ எனின், உண்மையே. பாம்பன் பழம்பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேற்படின் வண்டியை நிறுத்தினர். இரும்பை உப்பு ஓயாது அரித்தது. ஆயினும் அது நூறாண்டு கடந்து பணிபுரிந்து, 2022 டிசம்பரில் ஓய்ந்தது. அதனருகே செங்குத்தாக உயரும் நடுக்கண்ணோடு கூடிய புதுப்பாலம் 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பெற்றது. அதற்கு முன்னரே 1988-இல் சாலைப்பாலமும் அமைந்தது. காற்றை எதிர்த்து நிற்கும் கலையும், கப்பலுக்கு வழிவிடும் கலையும் அவ்விடத்திலேயே கற்கப்பட்டுள்ளன.

சேதுவைப் பாலத்தின் தூண் தீண்டலாகாதே எனின், இதுவும் எளிதில் தள்ளத்தக்க தடையன்று. 2005-இல் தொடங்கிய சேதுசமுத்திரக் கால்வாய் வேலை, சேதுவை வெட்டுவதென்னும் காரணத்தால் வழக்கிற்பட்டு, 2007-இல் உச்சநீதிமன்றத்தால் அப்பகுதியில் தடுக்கப்பட்டது. எவ்வழி அமையினும் திட்டுக்களை அறுக்காது விலகிச் செல்லுதல் முறையாம். சேது நீராடல் அடியவரின் நோன்பு. அந்நீரும் மணலும் கெடுமாயின் யாத்திரையின் பயனும் குறைபடும்.

இந்நான்கும் ஒருங்கு நோக்குமிடத்து, கடலின் இயல்புக்குப் பாலமே பெரும்பான்மையும் பொருந்துவது என்பது போதரும். ஆயினும் பெருந்தடை கல்லிலும் மணலிலும் இல்லை. 2002-இல் இலங்கைப் பிரதமர் ரணில் விக்கிரமசிங்காவே பாலங் குறித்துப் பேசினார். 2015-இல் இந்திய அமைச்சர் நிதின் கட்கரி பாலமும் சுரங்கமுங் கலந்த வழியொன்றைக் கூற, இலங்கை அரசு உடன்படவில்லை. 2023 சூலையில் நிலத்தொடர்பின் இயலுமையை ஆராய்வதென இருநாடும் இசைந்தன. பெரிய நாட்டின் நிழல் சிறிய தீவின்மேல் விழும் என்னும் ஐயம் அங்குள்ளார் பலர்க்கு உண்டு. அதனை இகழ்தல் அறமன்று. இராமபிரான் வீடணனை இகழ்ந்திலன்.

ஆதலின் இப்போதே வேண்டுவது பழைய கப்பல்வழி. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரிற் கப்பல் மீண்டும் தொடங்கிற்று. தலைமன்னார் இருப்புப்பாதையும் 2015-இல் மீண்டது. இராமேச்சுரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் மீளுமாயின், அடியவர் அங்கிருந்து நிலவழியே மாதோட்டஞ் சென்று பாலாவியில் நீராடி, போரின் துயர் கடந்து நிற்கும் கேதீச்சரநாதரையும் கௌரியம்மையையும் கண்டு வணங்கலாம். கப்பல் இருகரையாரையும் பழக்கும். பழக்கம் ஐயத்தைப் போக்கும். ஐயம் போயபின் அமையும் பாலமே நிலைக்கும். இருகரை மாந்தரும் ஒருமனமாகி அவ்வழியை வேண்டும் நாளை எல்லாம்வல்ல சிவபெருமான் திருவருள் கூட்டுவிப்பதாக.

திருச்சிற்றம்பலம்