குக்குலுவின் வரலாறு

திருக்கடவூர்க் குங்கிலியக்கலய நாயனார், நெல் கொள்ளுமாறு மனைவியார் கொடுத்த தாலியைக் குங்கிலியத்திற்கு மாறிய வரலாறு பெரியபுராணத்தால் யாவரும் அறிந்ததே. அக்குங்கிலியத்தையும், வடநூலார் குக்குலு என வழங்கும் பிசினையும் ஒன்றெனக் கொள்வாரும் உளர். நம் நாட்டிற் குங்கிலியமெனப் பெறுவது பெரும்பாலும் சாலம் முதலிய மரங்களின் பிசின். குக்குலுவோ இராஜஸ்தானம், கச்சம், சிந்து முதலிய வறண்ட நிலங்களில் வளரும் முள்ளுடைச் சிறுமரத்தினின்றும் வடிவது. ஆகலின் ஒன்றன் குணத்தை மற்றொன்றன்மேல் ஏற்றியுரைத்தல் பொருந்தாது.

மேதசு, அஃதாவது உடற்கொழுப்பு, மிகுந்து உடலின் வழிகளை அடைத்தலால் நோய் விளையுமென்றும், அதனைத் தீர்க்கும் பொருள்களுட் குக்குலுவும் ஒன்றென்றும் சுசுருத சங்கிதை கூறும். புதிய பிசின் உடலைப் பெருக்கும், பழையது இளைப்பிக்கும் எனவும் அந்நூல் வேறுபடுத்துரைக்கும்.

இவ்வுரையைத் துணையாகக் கொண்டு காசி இந்து சர்வகலாசாலையில் ஆராய்ந்த ஜி. வி. சத்தியவதி அம்மையார், குக்குலு முயல்களின் இரத்தத்திலுள்ள கொலஸ்டிராலைக் குறைத்தமையை 1966-இல் தம் ஆய்வேட்டில் விளக்கினார். பின்னர் லக்னோ மத்திய மருந்தாராய்ச்சி நிலையத்தார் அதன் சத்தைப் பிரித்தனர். அது இந்தியாவில் மருந்தாக விற்பனைக்கு வந்தது. 2002-இல், அப்பிசினிலுள்ள குக்குலுஸ்டிரோன் என்னும் பொருள் பித்த அமிலங்களை உணரும் ஏற்பியைத் தடுக்கின்றது என்று ஆராய்ச்சியாளர் வெளியிட்டமையின், அதன் செயல் இன்னவாறென்று கருதற்கும் இடமுண்டாயிற்று.

எனினும் 2003-இல் அமெரிக்காவிற் பென்சில்வேனியா சர்வகலாசாலையார் 103 பேரிடம் எட்டு வாரம் நிகழ்த்திய சோதனை வேறு பயன் காட்டிற்று. குக்குலுச் சத்தை உண்டாரிடத்துத் தீய கொலஸ்டிரால் நூற்றுக்கு நான்கு ஐந்து பங்கு ஏறிற்று. மருந்தில்லா வில்லை உண்டாரிடத்து ஐந்து பங்கு இறங்கிற்று. மருந்துண்டாருட் சிலர்க்குத் தோலில் தடிப்பும் தோன்றிற்று.

காண்டல், கருதல், உரை என அளவை மூன்றென்பது சித்தாந்த நூன்முடிபு. மருந்து நோயாளனுடலிற் செய்வது காட்சிக்குரிய பொருளாகலின், ஈண்டு உரையும் கருதலும் மட்டும் அமையா. அதனாற் சுசுருதர் உரை பொய்யாயிற்றென்று துணிதலும் கூடாது. அவர் கூறிய மேதசு நோயும் இரத்தத்தில் அளக்கப்படுங் கொலஸ்டிராலும் முற்றும் ஒன்றென்பது இன்னும் நிறுவப்படவில்லை. அவர் விதித்த பழம்பிசினும் ஆலையிற் பிரித்த சத்தும் வேறு. இவ்வேறுபாடு உணராது மருத்துவர் தந்த மருந்தைக் கைவிட்டுப் பிசினையே நம்புவார் தம் உயிர்க்கே ஊறு தேடுபவராவர்.

மருந்தின் பயன் ஐயத்திற்கிடமாய் நிற்ப, மரத்தின் அழிவோ ஐயமின்றி நிகழ்கின்றது. மிகுதியாகப் பிசின் வடிக்க வேண்டி அடிமரத்தை ஆழக் கீறுதலால் மரம் பட்டுப்போகின்றது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2015-இல் இதனை அழிவின் விளிம்பிலுள்ள இனங்களுட் சேர்த்துள்ளது. வழிபாட்டிற்காயினும் மருந்திற்காயினும் இப்பிசினை வேண்டுவார், அதனை நட்டு வளர்த்துப் பெறுதலே அறமாகும்.