கருமருந்து இரட்டைக்குழல் ரைஃபிள்

கருமருந்து இரட்டைக்குழல் ரைஃபிள் என்பது யானை, காட்டெருமை, புலி போன்ற பெருவிலங்குகளை வேட்டையாட 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் கைவினையாகச் செய்யப்பட்ட துப்பாக்கி. இதில் குழலும் இரண்டு, குதிரையும் இரண்டு. ஒன்று பொய்த்தாலும் மற்றது உதவும். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், பர்டி, கிரீனர் முதலியோர் இதில் பெயர்பெற்ற கொல்லர்கள்.

குழலின் அகலத்தைப் 'போர்' என்ற எண்ணால் குறித்தனர். ஒரு பவுண்டு ஈயத்தில் அந்தக் குழலுக்குப் பொருந்தும் உருண்டைகள் எத்தனை வார்க்கலாம் என்பதே கணக்கு. எண் குறையக் குறையக் குழல் பெரிதாகும். 8 போர் குழல் சுமார் 21 மி.மீ., அதன் உருண்டை 57 கிராம். 4 போர் குழல் சுமார் 27 மி.மீ., உருண்டை 113 கிராம். வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற பங்கில் சேர்ந்த கருமருந்தால் இத்தகைய கனத்த குண்டை நொடிக்கு 450 மீட்டர் அளவில்தான் விரட்ட முடியும். வேகம் கூடாதபோது எடையைக் கூட்டினார்கள். 8 போர் இரட்டைக்குழல் ஏழு கிலோவைத் தொட்டதும், அதை ஏவலாள் சுமந்து வந்ததும் இதனால்தான்.

இலங்கையில் இத்தகைய கனத்த துப்பாக்கிகளுக்குப் பெயர்போனவர் நுவரெலியாவில் பண்ணை அமைத்த சாமுவேல் பேக்கர். 1840இல் பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் அவருக்குச் செய்து கொடுத்த ஒற்றைக்குழல் ரைஃபிளின் எடை 21 பவுண்டு. ஒரு வெடிக்கு 16 டிராம், அதாவது 28 கிராம் மருந்து. யானைக்கு மட்டும் அவர் பெரிதும் நம்பியது 10 போர் இரட்டைக்குழல்களை. யானையைக் கொன்றால் அரசே சன்மானம் தந்த காலம் அது. அவருடைய நூல்களில் கொலைப்பட்டியல் சலிப்பூட்டும். குண்டின் எடை, மருந்தின் அளவு பற்றிய குறிப்புகளுக்கு மட்டும் இன்றும் மதிப்புண்டு.

1850களில் ஜேம்ஸ் பர்டி, எடை குறைந்த குண்டுக்கு மிகுதியான மருந்து என்ற வேறு வழியைத் தொடங்கினார். .450, .500, .577 அளவுகளில் வந்த இந்த 'எக்ஸ்பிரஸ்' ரைஃபிள்களின் உள்ளீடற்ற குண்டு மானையும் புலியையும் வீழ்த்தியது. காட்டெருமையின் தடித்த எலும்பில் பட்டால் சிதறியது.

இவ்வகைத் துப்பாக்கியின் உண்மையான நுட்பம் இரு குழல்களையும் இணைப்பதில் இருக்கிறது. வலக்குழல் வெடிக்கும்போது, குண்டு வாயைக் கடக்கும் முன்பே துப்பாக்கி சற்று வலப்புறம் திரும்பிவிடும். இடக்குழலுக்கு இது எதிர்மாறு. ஆகவே குழல்கள் முன்னோக்கி ஒன்றையொன்று நெருங்கும்படி ஆப்பு வைத்துப் பற்றவைத்தார்கள். சுட்டுப் பார்த்து, ஈயப்பற்றை உருக்கி, ஆப்பை நகர்த்தி, மறுபடி சுட்டுப் பார்ப்பார்கள். இப்படி ஒரே மருந்தளவுக்கும் ஒரே குண்டுக்கும் அந்தத் துப்பாக்கி கட்டுப்பட்டுவிடுகிறது. குண்டு மெதுவாகப் போனால் இரு குழல்களின் வெடியும் விலகி விழும். விரைந்து போனால் குறுக்கே கடந்து விழும்.

ஆகவே இன்று தோட்டாவைத் தானே கெட்டிப்பவர் செய்வது பழைய கொல்லனின் தோட்டாவைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலைதான். குழலுக்கடியில் உள்ள சோதனை முத்திரைகளும் துப்பாக்கிப் பெட்டியின் உள்ளே ஒட்டிய சீட்டும் முதல் சான்றுகள். பிறகு மெத்தென்ற ஈயத்துண்டைக் குழலுக்குள் செலுத்தி உள்ளளவை எடுப்பார்கள். தயாரிப்பாளர் சொல்லும் பெயரளவை நம்பினால் ஏமாற்றம்தான். குண்டை ஈயத்தோடு சிறிது வெள்ளீயம் சேர்த்து வார்த்து, காகிதம் சுற்றியோ, தேன்மெழுகும் கொழுப்பும் பூசியோ வைப்பார்கள். பித்தளைக் கூட்டில் மருந்துக்கும் குண்டுக்கும் இடையே காற்றிடம் விடக்கூடாது. விட்டால் குழல் வீங்கிக் கெடலாம். அந்த இடத்தை அட்டையும் கம்பளி வட்டும் அடைக்கும். இதற்கெல்லாம் மேலான விதி ஒன்று: புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்படாத குழலில் அதைக் கருமருந்தின் அளவுக்கு இட்டால் துப்பாக்கி வெடித்துச் சிதறும்.

கருமருந்தின் எடையில் பாதிக்கு மேல் எரிந்தபின் கசடாகவும் புகையாகவும் எஞ்சும். ஈரமான காட்டில் அந்தப் புகை கலையாமல் நிற்கும். விலங்கு விழுந்ததா, பாய்ந்து வருகிறதா என்று பார்க்க வேட்டைக்காரர் பக்கவாட்டில் ஓட வேண்டியிருந்தது. கசடு ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். அன்றைக்கே வெந்நீரால் கழுவி எண்ணெய் இட வேண்டும். உதைப்போ தோளோடு நிற்கவில்லை. இளமையில் 4 போர் ஒற்றைக்குழல்களால் யானை வேட்டையாடிய பிரெடரிக் செலூஸ், அவை தம் நரம்புகளைக் கெடுத்ததாக எழுதி, தொட்டதற்கே வருந்தினார்.

1898இல் ரிக்பி .450 நைட்ரோ எக்ஸ்பிரஸை வெளியிட்டபின் கார்டைட் என்ற புகையில்லா மருந்து இடம்பிடித்தது. 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டபோது ஜிம் கார்பெட் வைத்திருந்தது குறைந்த கார்டைட் இட்ட .500 இரட்டைக்குழல், இரு காலங்களுக்கும் இடைப்பட்ட கருவி அது.

சென்னை மாகாணத்தில் 1873ஆம் ஆண்டுச் சட்டமே காட்டு யானைகளைக் காக்க முற்பட்டது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. இத்துப்பாக்கிகள் இன்று பெரும்பாலும் பிரிட்டன், அமெரிக்கச் சேகரிப்பாளர்களிடம் உள்ளன. உரிமத்துடன் வேட்டை நடக்கும் ஆப்பிரிக்க நாடுகளிலும், காட்டில் பெருகிய நீரெருமைகள் உள்ள வட ஆஸ்திரேலியாவிலும் சிலர் இன்னும் இவற்றைத் தூக்கிச் செல்கிறார்கள்.