வட்ட எல்லையும் அலைக்கற்றையும்: தென்னிந்திய அண்டை நகரங்களில் கைப்பேசி வலையமைப்பு மேம்பாடு (2006–2025)

இந்தியாவில் கைப்பேசிச் சேவைக்கான உரிமமும் அலைக்கற்றையும் நெடுங்காலம் தொலைத்தொடர்பு வட்டங்களின் அடிப்படையிலேயே வழங்கப்பட்டு வந்தன. நாட்டில் இத்தகைய வட்டங்கள் 22. அவற்றின் எல்லைகள் பெரும்பாலும் மாநில எல்லைகளை ஒட்டியே அமைந்தன. தொடக்கத்தில் தனிப் பெருநகர வட்டமாக இருந்த சென்னை, 2005இல் தமிழ்நாட்டு வட்டத்தோடு இணைக்கப்பட்டது. புதுச்சேரி தமிழ்நாட்டு வட்டத்திலும், அதே ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாஹே கேரள வட்டத்திலும் இடம்பெற்றன. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஓசூர் தமிழ்நாட்டு வட்டத்துக்கு உரியது. கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் இடையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டரே உண்டு. ஆயினும் வாளையாறு சோதனைச் சாவடியைத் தாண்டினால் வட்டம் மாறிவிடும். வேலைக்கும் படிப்புக்கும் வணிகத்துக்கும் மக்கள் நாள்தோறும் கடக்கும் இந்தக் கோடுகள், ஒரு நகரத்துக்கு வந்த சேவை அடுத்த நகரத்தை எப்போது எட்டும் என்பதைப் பெருமளவில் முடிவு செய்தன.

ஒரு தலைமுறை வலையமைப்பிலிருந்து அடுத்ததற்கு மாறுவது கோபுரத்தில் ஒரு கருவியைக் கூடுதலாகப் பொருத்துவதோடு முடிவதில்லை. புதிய அலைவரிசை வேண்டும். அதற்கேற்ற வானலைக் கருவியும் ஆன்டெனாவும் வேண்டும். கோபுரத்தை மைய இணைப்பகத்தோடு இணைக்கும் தடத்தின் கொள்ளளவும் உயர வேண்டும். குரல் அழைப்புகளுக்காக அமைந்த 2ஜி கோபுரத்துக்கு நொடிக்குச் சில மெகாபிட் திறனுள்ள இணைப்பு போதுமானதாக இருந்தது. 3ஜி, 4ஜி கோபுரங்களுக்குக் கண்ணாடி இழைக் கம்பியோ உயர்திறன் நுண்ணலை இணைப்போ தேவைப்பட்டது. எனினும் தென்னிந்தியாவின் பெரிய நகரங்களைப் பொறுத்தவரை இந்தத் தொழில்நுட்பத் தேவைகள் தாமதத்துக்கு முதற்காரணம் அல்ல. அலைக்கற்றை யாருக்கு, எங்கே, எப்போது கிடைத்தது என்பதே முதற்காரணம்.

மூன்றாம் தலைமுறைச் சேவை ஜப்பானில் 2001இல் வணிக முறையில் தொடங்கிவிட்டது. இலங்கையில் டயலாக் நிறுவனம் 2006இல் அதைத் தொடங்கியது. அதே 2006 செப்டம்பரில்தான் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 3ஜி அலைக்கற்றை ஒதுக்கீடு பற்றிய தன் பரிந்துரைகளை அரசுக்கு அளித்தது. வழிகாட்டு நெறிமுறைகள் 2008 ஆகஸ்டில் வெளியாயின. ஏலம் நடந்ததோ 2010இல். உரிய அலைவரிசையின் ஒரு பகுதி பாதுகாப்புப் படைகளின் பயன்பாட்டில் இருந்தது. அதை விடுவிப்பதற்கு ஈடாகப் படைகளுக்குத் தனிக் கண்ணாடி இழை வலையமைப்பு அமைத்துத் தர வேண்டியிருந்தது. அந்தப் பேச்சுவார்த்தை நீண்டுகொண்டே போனது. அடிப்படை விலையை எவ்வளவு வைப்பது என்பதிலும் அமைச்சகங்களுக்கிடையே கருத்து வேறுபாடு நிலவியது.

இந்த இடைவெளியில் பொதுத்துறை நிறுவனங்களுக்கு மட்டும் அலைக்கற்றை முன்கூட்டியே கிடைத்தது. எம்.டி.என்.எல். 2008 டிசம்பரில் டெல்லியில் 3ஜி சேவையைத் தொடங்கியது, பி.எஸ்.என்.எல். 2009 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கியது. டெல்லி, மும்பை நீங்கலாக எல்லா வட்டங்களிலும் அலைக்கற்றை பெற்றிருந்த பி.எஸ்.என்.எல்.லுக்கு வாளையாறும், ஓசூர்–பெங்களூர் சாலையில் வட்டம் மாறும் அத்திப்பள்ளியும் தடையே இல்லை. தனியார் போட்டி வருவதற்கு முன் அதற்கு ஏறத்தாழ ஈராண்டு முன்னிலையும் கிட்டியது. அந்த முன்னிலை எவ்வாறு வீணானது என்பதே இந்த வரலாற்றின் மிகவும் வருந்தத்தக்க பகுதி.

2010 ஏப்ரல் 9 முதல் மே 19 வரை 34 ஏல நாள்களில் 183 சுற்றுகளாக நடந்த 3ஜி ஏலம் அரசுக்கு ரூ.67,719 கோடியை ஈட்டித் தந்தது. தமிழ்நாட்டு வட்டத்தில் ஓர் அலைக்கற்றைத் தொகுதி ரூ.1,464.94 கோடிக்குப் போனது. ஏர்டெல், வோடபோன், ஏர்செல் ஆகியவை தலா ஒரு தொகுதியைப் பெற்றன. கேரளத்தில் வென்றவை ஐடியா, டாட்டா, ஏர்செல். எந்தத் தனியார் நிறுவனமும் 22 வட்டங்களையும் வெல்லவில்லை. இதனால் கோயம்புத்தூரில் 3ஜி வழங்கும் உரிமை பெற்ற ஏர்டெலுக்கும் வோடபோனுக்கும் பாலக்காட்டில் அந்த உரிமை இல்லை; பாலக்காட்டில் உரிமை பெற்ற ஐடியாவுக்குக் கோயம்புத்தூரில் இல்லை. தனியாரில் ஏர்செல் ஒன்றே தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று வட்டங்களிலும் 3ஜி அலைக்கற்றையைக் கையில் வைத்திருந்தது.

இந்த விரிசலை அடைக்க ஏர்டெல், வோடபோன், ஐடியா ஆகிய மூன்றும் வட்டத்துக்குள்ளான ரோமிங் உடன்பாடு செய்துகொண்டன. ஒரு வட்டத்தில் அலைக்கற்றை இல்லாத நிறுவனம், அங்கே அலைக்கற்றை வைத்திருக்கும் நிறுவனத்தின் வலையமைப்பில் தன் வாடிக்கையாளருக்கு 3ஜி தரும் ஏற்பாடு அது. ஏலத்தில் பணம் கட்டாமல் சேவை வழங்குவது உரிம மீறல் என்று கூறித் தொலைத்தொடர்புத் துறை 2011 டிசம்பரில் அதை நிறுத்த ஆணையிட்டது. வழக்கு தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயத்துக்குச் சென்றது. 2012இல் இரு உறுப்பினரும் மாறுபட்ட தீர்ப்பளித்தனர். 2014 ஏப்ரலில்தான் நிறுவனங்களுக்குச் சாதகமாக முடிவு வந்தது. அதற்குள் அடுத்த தலைமுறைச் சேவை இந்தியாவுக்கு வந்து ஈராண்டு ஆகியிருந்தது.

நான்காம் தலைமுறையில் அதே கதை இன்னும் கூர்மையாக நிகழ்ந்தது. 2010 ஜூனில் முடிந்த அகலக்கற்றை ஏலத்தில் 2300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை ஒவ்வொரு வட்டத்திலும் இருவருக்கு மட்டுமே கிடைத்தது. ஏர்டெல் வென்ற வட்டங்கள் நான்கு: கொல்கத்தா, கர்நாடகம், பஞ்சாப், மகாராஷ்டிரம். எனவே 2012 ஏப்ரலில் கொல்கத்தாவிலும் மே மாதம் பெங்களூரிலும் அது 4ஜி சேவையைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அந்த அலைக்கற்றை, ரிலையன்ஸ் குழுமம் வாங்கிய இன்ஃபோடெல்லிடமும் ஏர்செல்லிடமும் இருந்தது. முன்னது 2016 வரை பொதுச் சேவையைத் தொடங்கவில்லை. பின்னது கடன் சுமையில் தத்தளித்தது. சென்னையில் நெடுங்காலமாகச் சேவை நடத்திவந்த ஏர்டெலால் பெங்களூரில் தந்த வேகத்தை ஓசூரிலோ சென்னையிலோ தர இயலவில்லை. பிற அலைவரிசைகளைக் கொண்டு 2015 ஆகஸ்டில் அது 296 நகரங்களில் 4ஜியைத் தொடங்கியபோதுதான் அந்த மூன்றாண்டு இடைவெளி குறைந்தது. ஏர்செல் தன் 2300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை 2016இல் ஏர்டெலுக்கே விற்றது; 2018 பிப்ரவரியில் திவால் மனு அளித்தது. நகரங்களில் தேவை இருந்தது, கருவியும் சந்தையில் கிடைத்தது. அலைக்கற்றை மட்டும் பயன்படுத்த முடியாதவர் கையில் முடங்கிக் கிடந்தது.

ஒரே வட்டத்துக்குள்ளும் நகரங்களுக்கிடையே தாமதம் இருந்தது. பெருநகரங்களுக்கு வெளியே, 3ஜி உரிமம் பெற்றவர்கள் ஐந்தாண்டுக்குள் மாவட்டத் தலைநகரங்களில் பாதியை எட்டினால் போதும் என்பதே ஏல நிபந்தனையின் அடிப்படை. வருவாய் மிகுந்த நகரங்களை முதலில் எடுத்துக்கொள்ள அது இடமளித்தது. எஞ்சிய பாதிக்கும், தலைநகரம் அல்லாத தொழில் ஊர்களுக்கும் காலக்கெடு எதையும் அது விதிக்கவில்லை.

எல்லைக் கோடுகள் கட்டுப்படுத்தாத பி.எஸ்.என்.எல். வேறு தடையில் சிக்கியது: கருவி கொள்முதல். 2006இல் அது 4.55 கோடி இணைப்புகளுக்கான ஒப்பந்தப்புள்ளியைக் கோரியது. தகுதி நீக்கப்பட்ட மோட்டோரோலா வழக்குத் தொடுத்தது. 2007இல் கொள்முதல் அளவு பாதியாகக் குறைக்கப்பட்டது. 2008இல் 9.3 கோடி இணைப்புகளுக்கு மற்றொரு ஒப்பந்தப்புள்ளி வெளியானது. விலை, தகுதி நிபந்தனைகள், சீனக் கருவிகளின் பாதுகாப்பு ஆகியவை குறித்து எழுந்த கேள்விகளுக்குப் பின் 2010இல் சாம் பித்ரோடா குழுவின் பரிந்துரைப்படி அது கைவிடப்பட்டது. தனியார் நிறுவனங்கள் 3ஜி விரிவாக்கத்துக்கு ஆயத்தமான அதே ஆண்டில் பொதுத்துறையின் விரிவாக்கத் திட்டம் இல்லாமல் போனது. ஏலத்தில் பங்கேற்காத நிலையிலும் ஏல விலைக்கு இணையாக 3ஜிக்கும் அகலக்கற்றைக்கும் சேர்த்து ஏறத்தாழ ரூ.18,500 கோடியை அது கட்ட நேர்ந்தது. கருவி வாங்கவேண்டிய பணம் அலைக்கற்றைக்குப் போயிற்று.

பி.எஸ்.என்.எல்.லுக்கு 4ஜி அலைக்கற்றையை நிர்வாக முறையில் ஒதுக்க அரசு ஒப்புக்கொண்டது 2019 அக்டோபரில், ஏறத்தாழ ரூ.69,000 கோடி மதிப்புள்ள மீட்புத் திட்டத்தின் பகுதியாக. அதற்கு முன், 2018 தொடக்கத்தில், கையிலிருந்த 3ஜி அலைக்கற்றையைக் கொண்டே இடுக்கி மாவட்டத்தின் உடும்பஞ்சோலைப் பகுதியில் அந்நிறுவனம் 4ஜி சேவையைத் தொடங்கியிருந்தது. தமிழ்த் தோட்டத் தொழிலாளர் மிகுந்த அந்த மலைப்பகுதி, தேவையான கருவி கிடைத்தால் இந்நிறுவனத்தால் எதைச் செய்ய முடியும் என்பதற்குச் சான்றாகும்.

2020 மார்ச்சில் 50,000 தளங்களுக்கு வெளியான ஒப்பந்தப்புள்ளி, உள்நாட்டு உற்பத்தியாளரின் முறையீட்டாலும் சீனாவுடனான கல்வான் மோதலுக்குப் பிந்தைய சூழலாலும் அதே ஆண்டு ஜூலையில் நீக்கப்பட்டது. இனி உள்நாட்டுத் தொழில்நுட்பம் மட்டுமே என்ற முடிவு எடுக்கப்பட்டது. டி.சி.எஸ்., தேஜஸ், அரசின் சி-டாட் ஆகியவை உருவாக்கிய அமைப்பு சண்டிகர், அம்பாலா பகுதிகளில் சோதிக்கப்பட்டது. 2021 அக்டோபரில் முதல் அழைப்பு நிகழ்ந்தது. ஒரு லட்சம் தளங்களுக்கான ரூ.15,000 கோடிக்கு மேற்பட்ட கொள்முதல் ஆணை 2023 மே மாதம்தான் பிறந்தது. நீண்டகால நோக்கில் இம்முடிவு நாட்டுக்கு வலுச்சேர்த்தது என்பதை மறுக்க இயலாது. ஆனால் அதன் விலையை முன்கூட்டியே செலுத்தியவர்கள், தனியார் கோபுரம் எட்டாத ஊர்களில் பி.எஸ்.என்.எல்.லை மட்டுமே நம்பியிருந்த மக்கள்.

தனியார் தரப்பில் வட்ட எல்லையின் பிடி 2016 செப்டம்பர் 5 அன்று தளர்ந்தது. எல்லா வட்டங்களிலும் 4ஜி அலைக்கற்றை வைத்திருந்த ஜியோ (பெயர் மாறிய இன்ஃபோடெல்), நாடு முழுவதும் ஒரே நாளில் சேவையைத் தொடங்கியது. 2022 ஆகஸ்டில் முடிந்த 5ஜி ஏலத்தில் ஜியோவும் ஏர்டெலும் 22 வட்டங்களிலும் 3.3 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையைப் பெற்றன. அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று ஏர்டெல் 5ஜி தொடங்கிய எட்டு நகரங்களில் சென்னையும் பெங்களூரும் ஒருசேர இடம்பெற்றன. பி.எஸ்.என்.எல்.லின் உள்நாட்டு 4ஜி வலையமைப்பு, ஏறத்தாழ 92,600 4ஜி தளங்களோடு, ஒடிசாவின் ஜார்சுகுடாவிலிருந்து முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது 2025 செப்டம்பர் 27 அன்று. பெங்களூரில் ஏர்டெலின் 4ஜி வந்து அப்போது பதின்மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன.