நீலத் திமிங்கிலமும் ஓர் அலகும்

கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், அல்சூர் ஏரியின் பக்கத்தே வாழும் நமக்குத் திமிங்கிலம் என்பது பெரும்பாலும் ஒரு சொல்லே. அச்சொல்லின் பொருள் சுவையானது. 'திமி' என்பது பெருமீன். அதனை விழுங்குவது திமிங்கிலம். அதனையும் விழுங்குவது திமிங்கிலகிலம் என்று வடமொழி வழியே வந்த வழக்குக் கூறும். திமிங்கிலத்தையும் விழுங்கவல்லது யாது? இருபதாம் நூற்றாண்டின் வரலாறு அதற்கு விடை தருகின்றது.

கோடைதோறும் தென்துருவக் கடலில் இரைதேடும் நீலத் திமிங்கிலம், நாம் அறிந்த விலங்குகளுள் மிகப் பெரியது. ஏறத்தாழ 30 மீட்டர் வரை வளரும். ஆயினும் அதன் உணவு, நம் சந்தையில் விற்கும் சென்னாக்கூனியை ஒத்த 'கிரில்' என்னும் சிற்றுயிரே ஆகும்.

நெடுங்காலம் மனிதன் இதனை நெருங்க இயலவில்லை. துடுப்புப் படகினும் விரைந்து செல்லும். கொல்லப்பட்டாலோ கடலில் மூழ்கிவிடும். நார்வே நாட்டவரான ஸ்வெண்ட் ஃபாய்ன் நீராவிக் கப்பலில் பீரங்கியைப் பொருத்தி, வெடிக்கும் ஈட்டியை எய்யும் முறையை வகுத்து, 1870-இல் உரிமை பெற்றார். 1904-இல் கார்ல் ஆண்டன் லார்சன் என்பார் தெற்கு ஜார்ஜியாத் தீவில் கிரித்விக்கன் நிலையத்தை நிறுவினார். திமிங்கில எண்ணெயை இறுகச்செய்யும் இரசாயன முறை கண்டறியப்பட்டபின், அது சோப்புக்கும் செயற்கை வெண்ணெய்க்கும் மூலப்பொருளாயிற்று. 1925-இல், பின்புறச் சரிவின்வழியே உடலை மேலிழுக்கும் ஆலைக்கப்பல் தோன்றியது. அதன்பின் கரையின் துணையே தேவைப்படவில்லை. 1930-31 பருவத்தில் மட்டும் 29,000-க்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்கள் தென்கடலில் மாண்டன.

இதனைக் கட்டுப்படுத்த நாடுகள் முன்வந்தன. 1946-இல் உலக நாடுகளிடையே உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்கீழ் ஓர் ஆணையமும் அமைந்தது. சட்ட வாசகங்களை மொழிபெயர்ப்பதைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, இங்கே ஒரு சொல் கண்ணில் தைக்கின்றது. அது 'நீலத் திமிங்கில அலகு' என்பது. ஒரு நீலத் திமிங்கிலம் ஓர் அலகு. துடுப்புத் திமிங்கிலம் இரண்டு சேர்ந்தால் ஓர் அலகு. கூன்முதுகுத் திமிங்கிலம் இரண்டரை, சேய்த் திமிங்கிலம் ஆறு என்று கணக்கிட்டனர். கிடைக்கும் எண்ணெயே இதன் அளவுகோல். பருவம் ஒன்றிற்கு 16,000 அலகு எனத் தொடக்கத்தில் வரம்பு வகுத்தனர்.

இவ்வரம்பு எந்த இனத்தில் எத்தனை எஞ்சியுள்ளன என்று கேட்கவில்லை. இரண்டு விலங்குகளைத் துரத்துவதினும் ஒன்றைத் துரத்துவதே ஆதாயம் ஆதலின், அருகிவந்த நீலத் திமிங்கிலத்தையே வேட்டைக்காரர் முதலில் நாடினர். வரம்பு முடியுமுன் தம் பங்கைப் பெற ஒவ்வொரு கப்பலும் விரைந்தது. காக்க வந்த சட்டமே இவ்வாறு வேட்டைக்கு வழிகாட்டியாயிற்று.

1960-களின் நடுவில் நீலத் திமிங்கில வேட்டைக்குத் தடை பிறந்தது. எனினும் சோவியத் கப்பல்கள் பொய்க்கணக்கு அனுப்பி வேட்டையைத் தொடர்ந்தன. இது நமக்குத் தொலைவான செய்தியன்று. அக்கப்பல்கள் 1960-களில் வட இந்தியப் பெருங்கடலிலும் ஏறத்தாழ 1,300 நீலத் திமிங்கிலங்களைக் கொன்றன. அரபிக்கடலில் 240-க்கு மேற்பட்ட கூன்முதுகுத் திமிங்கிலங்களையும் கொன்றன. உண்மைக் கணக்கு 1990-களில்தான் வெளிவந்தது.

வேட்டைக்குமுன் தென்துருவக் கடலில் ஏறத்தாழ 2,39,000 நீலத் திமிங்கிலங்கள் இருந்தன என்றும், 1970-களின் தொடக்கத்தில் சில நூறே எஞ்சின என்றும் அறிஞர் மதிப்பிட்டுள்ளனர். 1972-இல் அந்த அலகு கைவிடப்பட்டது. 1979-இல், சிறுநாடான செஷல்ஸ் முன்மொழிய, இந்தியப் பெருங்கடல் திமிங்கிலங்களின் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. வாணிப வேட்டையை நிறுத்தும் முடிவு 1982-இல் எடுக்கப்பட்டது. தென்கடலும் 1994-இல் புகலிடமாயிற்று. 1998 அளவில் தென்துருவ நீலத் திமிங்கிலங்கள் ஏறத்தாழ 2,280 எனக் கணிக்கப்பட்டன. இனம் மெல்லப் பெருகிவருகின்றது. அழிவின் விளிம்பை விட்டு இன்னும் நீங்கவில்லை.

எண்ணுவது எதுவாயினும், எதனால் எண்ணுகின்றோம் என்பது பெரிது. எண்ணெய்ப் பீப்பாயால் எண்ணியபோது உயிர் மறைந்தது. உயிராக எண்ணத் தொடங்கிய பின்னரே அது பிழைக்க இடம் உண்டாயிற்று. காட்டையும் ஏரியையும் ஆற்றையும் கணக்கேட்டில் பதியும் நாம், இந்த வரலாற்றை நினைவிற்கொள்வது நன்று.