பஞ்சு போன வழி, பங்கு நின்ற இடம்

கழுகுமலைச் சுற்றுவட்டாரத்தில் ஐப்பசி மழைக்கு விதைத்த கருங்கண்ணிப் பருத்தி, மாசி பங்குனியில் வெடிக்கும். கிணற்றுத் தண்ணீர் கேட்காது. கரிசல் பிடித்து வைத்திருக்கும் ஈரமே போதும். இழை குட்டைதான், ஆனாலும் கப்பல் வியாபாரிகள் திருநெல்வேலியின் பெயரிலேயே இதைத் தனிச் சரக்காக வாங்கினார்கள்.

பருத்தி எடுக்கும் பெண்களுக்கு, எடுத்ததிலேயே ஒரு பங்கைக் கூலியாகக் கொடுக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. காடு நன்றாக வெடித்தால் மடியும் கனக்கும். மடிப் பருத்தியைக் கடையில் போட்டு உப்பும் புளியும் வாங்கலாம். பெருமையாகச் சொல்லவில்லை, வெள்ளாமை பொய்த்த வருஷம் பட்டினியிலும் அதே பங்கு உண்டு. ஆனால் தொழிலாளிக்கு லாபத்தில் பங்கு என்பது மேனாட்டுச் சரக்கு என்று யாராவது பேசினால் எனக்கு இந்த மடிதான் நினைவுக்கு வருகிறது.

காட்டை விட்டுக் கிளம்பிய பருத்தி கட்டை வண்டியில் கோவில்பட்டிக்குப் போனது. 1876-இல் மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை வந்தபின் கோவில்பட்டி பருத்திச் சந்தையாகத் தழைத்தது. 1901-இல் அரசின் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணையும் வந்தது. அறவை ஆலையில் பருத்தி இரண்டாகப் பிரியும். கொட்டை மாட்டுத் தொட்டிக்குத் திரும்பும். பஞ்சு பேலாக இறுகி ரயிலேறும்.

ரயில் இறக்கிவிடும் தூத்துக்குடியில் ஹார்வி சகோதரர்கள் இருந்தார்கள். ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆண்ட்ரூவும் பிராங்க்கும் பஞ்சைக் கப்பலேற்றுவதோடு நிற்காமல் இங்கேயே நூற்கத் தொடங்கியவர்கள். பாபநாசத்தில் தாமிரபரணி விழும் விசையில் ஓர் ஆலை, 1888-இல் தூத்துக்குடியில் கோரல் மில், பிறகு மதுரையில் ஒன்று. கரிசல் பஞ்சு நூலானது, நூல் லாபமானது, லாபம் பங்குதாரர்களிடம் போனது.

1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். கேட்டது கூலி உயர்வு, வார விடுமுறை, வேலை நேரக் குறைப்பு. மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கிவந்தது. 12-ஆம் தேதி வ.உ.சி. கைதானார். சிறை மீண்டு, வக்கீல் சன்னது திரும்பக் கிடைத்தபின், 1920-களில் இதே கோவில்பட்டியில்தான் அவர் வழக்கு நடத்திப் பிழைத்தார்.

அந்த வேலைநிறுத்தத்தில் லாபத்தில் பங்கு என்ற கோரிக்கை இல்லை. வ.உ.சி.யே பங்கு விற்ற முதலாளிதான்: 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் ஒரு பங்கு 25 ரூபாய். ஆலைக் கூலிக்கு அது எட்டாத தொகை. ஹார்வி கம்பெனி பின்னாளில் மதுரைத் தொழிலாளர்களுக்காகத் திருப்பரங்குன்றத்துக்கு அருகே ஹார்விபட்டியைக் கட்டியது. வீடு தருவோம், கணக்குப் புத்தகம் தரமாட்டோம் என்பதே அந்தக் காலத்து நல்ல முதலாளிகளின் கொள்கை என்று எனக்குத் தோன்றுகிறது.

கணக்குப் புத்தகத்தைத் திறந்தது 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம். முதலில் குறைந்தபட்சம் 4 சதவீதம், 1972-இல் 8.33, அதாவது வருஷத்தில் ஒரு மாதச் சம்பளம். நஷ்டமானாலும் இதைக் கொடுத்தாக வேண்டும். லாபம் எவ்வளவு கொழித்தாலும் 20 சதவீதத்துக்கு மேல் சட்டம் கேட்காது. பங்கு என்று தொடங்கியது, தள்ளிப்போட்ட சம்பளமாக, தீபாவளித் துணிமணியாக முடிந்தது. அதுவும் பொதுவாக 20 பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான்.

ஹார்விகளைப்போலவே கடல் கடந்து போய் ஆலை நடத்தியவர் ஹம்தி உலுகாயா. துருக்கியில் ஆடு மேய்க்கும் குர்து குடும்பத்தில் பிறந்தவர். 1994-இல் அமெரிக்கா போனார். 2005-இல் மூடிக்கிடந்த ஒரு தயிர் ஆலையை வாங்கி சோபானி நிறுவனத்தை வளர்த்தார். 2016 ஏப்ரலில், சுமார் 2,000 முழுநேர ஊழியர்களுக்குக் கம்பெனியின் 10 சதவீதம் வரை பங்கு தருவதாக அறிவித்தார். இது வெகுமதி அல்ல, இரு தரப்பும் ஒருவருக்கொருவர் கொடுக்கும் வாக்குறுதி என்பது அவர் கருத்து. ஹார்விபட்டியைவிட இது வெகுதூரம் முன்னே போன யோசனை, போனஸ் சட்டத்தைவிடவும்தான். ஆனால் அங்கும் பங்கு ஆலை வாசலோடு நின்றது. பால் கறந்து ஊற்றிய பண்ணைக்காரர்கள் அந்த 2,000 பேரில் சேரவில்லை.

இன்றைக்குக் கரிசலில் மக்காச்சோளம் பருத்தியின் இடத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது. மிச்சமுள்ள பருத்தியை எடுக்க நாள் கூலி, அல்லது கிலோவுக்கு இவ்வளவு. மடிப்பங்கு போய்விட்டது, அதன் இடத்துக்கு ஆலை போனஸ் வரவுமில்லை. நூற்பாலை எவ்வளவு சம்பாதித்தாலும் எடுப்புக்காரிக்கும் சம்சாரிக்கும் அதில் பாத்தியதை இல்லை. ஆனால் அறவையில் பிரிந்த பருத்திக்கொட்டையின் கதை வேறு. அதைத் தின்ற எருமையின் பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனால், சங்கம் லாபம் கண்ட வருஷத்தில், ஊற்றிய பாலுக்கேற்ப உறுப்பினருக்குப் போனஸ் உண்டு.