கூத்தும் கூட்டுழைப்பும்: வன்னியின் கல்வி நகரங்களை முன்வைத்துச் சில சிந்தனைகள்

கலைவிழாவும் சிரமதானமும் எமது பல்கலைக்கழக வாழ்வில் அடுத்தடுத்து இடம்பெறும் இரு நிகழ்ச்சிகளாகும். ஒரு நாள் மேடை அமைத்து இசையும் நடனமும் கூத்தும் அளிக்கை செய்கின்றோம். பிறிதொரு நாள் மண்வெட்டியும் கத்தியும் ஏந்திக் குளக்கட்டிலோ பாடசாலை வளவிலோ பற்றை வெட்டுகின்றோம். முன்னது கலை எனப்படுகின்றது. பின்னது தொண்டு எனப்படுகின்றது. இவ்விரண்டையும் இணைத்து நோக்கும் வழக்கம் எம்மிடம் இல்லை. ஆயின் வன்னிப் பெருநிலத்தின் வரலாற்றிலே இவை ஒரே உழைப்பு வாழ்விலிருந்து கிளைத்தவை. இவை எவ்வாறு பிரிந்தன, அப்பிரிவினால் இழந்தவர் யாவர் என்பதே ஈண்டு எழுப்பப்படும் வினா.

வன்னி குளங்களின் நாடு. மழைநீரைத் தேக்கி நெல் விளைவிக்கும் இவ்வரண்ட வலயத்தில் தனியொரு குடும்பம் தன் முயற்சியால் மட்டும் வாழ்ந்துவிட இயலாது. குளக்கட்டைப் பேணுதல், வாய்க்கால் வெட்டுதல், காவல் காத்தல், அருவி வெட்டுதல், சூடு மிதித்தல் ஆகிய யாவும் பலர் கூடிச் செய்ய வேண்டியவை. இன்று உன் வயலில் நான், நாளை என் வயலில் நீ என்னும் முறையே உற்பத்தியின் அடிப்படையாக இருந்தது. பாட்டு இவ்வுழைப்பின் ஒழுங்கைக் காத்தது, களைப்பைப் பகிர்ந்தது. பெரும்போக அறுவடை முடிந்தபின் வரும் வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோவிற் பொங்கல் நிகழும். முல்லைத்தீவுக் கடலிலிருந்து எடுத்துவரப்படும் உப்புநீரில் விளக்கெரிக்கும் அச்சடங்கைக் காணப் பெருந்திரளான மக்கள் கூடுவர். அதே கண்ணகி கதையே முல்லைத்தீவுப் பகுதியிற் கோவலன் கூத்தாகவும் ஆடப்பட்டு வந்துள்ளது. ஆடியோர் உழவரும் கூலியாளரும். பயிற்றிய அண்ணாவியாரும் பெரும்பாலும் அவ்வூரவரே. ஆடுவோர்க்கும் பார்ப்போர்க்கும் இடையே வர்க்க இடைவெளி மிகச் சிறிது.

எனினும் இக்கூட்டு வாழ்வைப் பொற்காலமாகக் காட்டுதல் வரலாற்றுப் பிழையாகும். கூட்டுழைப்பின் ஒரு பகுதி விருப்பினாலன்றிக் கட்டாயத்தினால் நிகழ்ந்தது. நிலமானிய அமைப்பின் இராசகாரியம் 1832இல் ஒழிக்கப்பட்டது. அதன்பின் குளங்கள் பேணுவாரற்றுக் கிடந்தமையைக் கண்ட ஆங்கில அரசு, 1856இன் நீர்ப்பாசனச் சட்டத்தின் வாயிலாக ஊர் வழமைகளுக்குச் சட்ட வலுவூட்டி மக்களின் உழைப்பை மீண்டும் பெற முனைந்தது. அவ்வாறே கூத்துக் களரியும் சாதிப் படிநிலைக்கு வெளியே நிற்கவில்லை. கோவிலிற் பறை முழக்கியவனுக்கு அக்கோவிலின் உள்வீதி மறுக்கப்பட்ட காலம் மிகத் தொலைவில் இல்லை. எனவே பழைய கூட்டுழைப்பின் தோழமையை ஏற்கும் நாம் அதனுள் உறைந்திருந்த ஒடுக்குமுறையையும் இனங்காண வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கல்வி கற்ற மத்தியதர வர்க்கம் கிராமத்தை நோக்கி இரு பாதைகளில் நடந்தது. ஒன்று கலைப் பாதை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணையுடன் பல்கலைக்கழக மாணவரைக் கூத்தாட வைத்தார். 1962இல் கர்ணன் போர், 1967இல் வாலி வதை என வளர்ந்த அம்முயற்சி, படித்தோர் இழிவாகக் கருதிய கலைக்கு மதிப்பைத் தேடித்தந்தது. அதேவேளை விடிய விடிய ஆடப்பட்டது ஓரிரு மணி நேரத்துள் அடங்கியது. களரி படச்சட்ட மேடையாயிற்று. இவ்வெல்லையை உணர்ந்தோர் வடிவத்தோடு நில்லாது உள்ளடக்கத்தையும் மாற்றினர். 1969இல் மேடையேறிய சி. மௌனகுருவின் சங்காரம் வடமோடி ஆட்டத்தில் உழைக்கும் வர்க்கத்தின் எழுச்சியைக் காட்டியது. 1968இன் மாவிட்டபுர ஆலயப் பிரவேசப் போராட்டச் சூழலிற் பிறந்த கந்தன் கருணை, கூத்து மரபைச் சாதியொழிப்பின் குரலாக்கியது.

மற்றையது தொண்டுப் பாதை. 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியரான ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவருடன் ஒடுக்கப்பட்ட றொடியா மக்கள் வாழ்ந்த கனத்தொளுவைக் கிராமத்துக்குச் சென்றமையே சர்வோதய சிரமதான இயக்கத்தின் தொடக்கமாயிற்று. வன்னியில் இப்பாதை மேலும் கூரிய வடிவம் பெற்றது. 1970களின் நடுப்பகுதியிற் பெருந்தோட்டங்களிற் பரவிய பட்டினியும் 1977இன் வன்செயலும் மலையகத் தமிழரைப் பெருந்தொகையாக வடக்கு நோக்கிப் பெயரச் செய்தன. அவர்களை வவுனியாவை மையமாகக் கொண்டு குடியமர்த்திய காந்தீயம் அமைப்பு பாலர் பாடசாலை, சுகாதாரம், வேளாண்மை ஆகிய துறைகளில் இளைஞரை ஈடுபடுத்தியது. இதனை நிறுவிய எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் எஸ். இராஜசுந்தரமும் 1983 ஏப்பிரலிற் கைதாகினர். இராஜசுந்தரம் அவ்வாண்டு யூலை 27இல் வெலிக்கடைச் சிறையிற் படுகொலை செய்யப்பட்டார். நிலமற்றவனுக்கு நிலத்தைத் தரும் தொண்டு, இரக்கச் செயல் என்ற எல்லையைக் கடந்து அரசியலாகிவிடுகின்றது என்பதை அரசு எமக்கு முன்னரே உணர்ந்துகொண்டது.

வன்னியிற் கல்வி நகரங்கள் உருவானமை இதற்குப் பிந்திய கதை. வவுனியாவில் 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றிய நிறுவனம் 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகமாயிற்று. கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இயங்குகின்றன. இவ்விரு தோற்றங்களுக்கும் நடுவே 2009 நிற்கின்றது. வன்னி மக்கள் ஏறத்தாழ முழுமையாக இடம்பெயர்ந்தனர். செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரிலேயே மூடப்பட்டது. வீட்டையும் பெட்டகத்தையும் இழந்தோருள் அண்ணாவிமாரும் இருந்தனர். மீண்டுவந்த மலையக வழிக் குடும்பங்கள் பலவற்றுக்குக் காணி உரித்தும் இரணைமடுக் குளத்தின் நீர்ப்பங்கும் இன்றுவரை எட்டாதவையாக உள்ளன.

இச்சூழலிலேயே எமது கலைவிழாக்களும் சிரமதானங்களும் நிகழ்கின்றன. கோவலன் கூத்தின் ஒரு துண்டை மேடையேற்றுகின்றோம். அதனை ஆடிய உழவனை முன்வரிசையில் இருத்திப் பொன்னாடை போர்த்துகின்றோம். அவன் குளத்தைத் துப்புரவு செய்கின்றோம். அக்குளத்து நீர் யாருக்குப் பாய்கின்றது என்று வினவுவதில்லை. உழைப்பிலிருந்து பிரிந்த கலை காட்சிப் பொருளாகின்றது. உரிமையிலிருந்து பிரிந்த தொண்டு இரக்கமாகச் சுருங்குகின்றது. அவ்விரண்டிலும் மக்கள் பார்வையாளராகவோ பெறுவோராகவோ மாத்திரம் எஞ்சுகின்றனர்.

மாற்றுவழி மாணவரின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. அண்ணாவியாரைப் பரிசில் பெறுபவராகவன்றி ஊதியம் பெறும் ஆசிரியராக வளாகத்துக்கு அழைக்கலாம். கூத்தை அவர்தம் ஊரில், அவர்தம் பருவத்தில், ஊரவரோடு சேர்ந்து ஆடலாம். சிரமதானம் செய்யப்போகும் ஊரின் காணி, நீர், கடன் ஆகியவற்றை அம்மக்களோடு இருந்து முதலிற் பதிவு செய்யலாம். அப்பதிவை அவர்களுடைய கோரிக்கையின் ஆயுதமாக்கலாம். வன்னியின் பாட்டு வயலிற் பிறந்தது. அவ்வயல் யாருக்கு உரியது என்ற வினாவைத் தவிர்த்துவிட்டு அப்பாட்டை மட்டும் காப்பாற்றிவிட முடியாது.